பெயர் சுரண்டிய இசைத்தட்டுகள்

எவரிஸ்டோவின் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பல வருஷமாகிறது. உப்பு வேண்டுமென்றாலும் கத்த வேண்டும், குளித்தாயிற்றா என்று கேட்பதற்கும் கத்த வேண்டும். ரெபோலோ பேட்டையில் இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. பிக்கோக்காரனின் காது அப்படித்தான் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, அதன் முகப்பில் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் படம் எழுதி, பக்கத்துத் தெருவின் தகரக் கூரை வரை நடுங்கும்படி பாட்டுப் போடுகிறவனுக்குக் காது நன்றாகக் கேட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். எவரிஸ்டோவின் பிக்கோவுக்கு சபாலோ என்று பெயர். முகப்பில் வாயைப் பிளந்து பாயும் ஒரு பெரிய மீன். அந்த மீனுக்கு முன்னால் முப்பது திருவிழாக்களுக்கு மேல் நின்றவர் அவர்.

ஆகவே சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அவர் "இன்னிக்கு எனக்குச் சோறு கிடையாதா?" என்று கேட்டபோது மகன் யோவானிஸ் சிரித்தான். நாம் ஏதோ சொன்னோம், அவர் வேறு ஏதோ கேட்டுக்கொண்டார் என்றான். நாலு வீடு தள்ளி ஒரு வீட்டுக்குள் புகுந்து கட்டிலில் படுத்துக்கொண்டபோது அந்த வீட்டுக்காரர்களே சிரித்தார்கள். பின்னாலிருந்து கூப்பிட்டோம், மனிதருக்குக் கேட்கவில்லை என்றார்கள். போன கார்னிவல் திருவிழாவில் ஒரே இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். எதிர்ப் பிக்கோக்காரனைச் சீண்டுவதற்காகத்தான் அப்படிச் செய்கிறார் என்று கூட்டம் கைதட்டி ஆடியது. யோவானிஸ் அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பீர் வாங்கிக் குடித்தான்.

சிரிக்காதவள் மகள் அரெலிஸ் ஒருத்திதான். காது கேட்காதவன் செருப்பை ஏன் அரிசிப் பானைக்குள் வைக்கிறான் என்று அவள் கேட்டாள். வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து அது கருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். யோவானிஸ் தோளைக் குலுக்கினான். அவனுக்கு மனைவி இருந்தாள், அடுத்த தெருவில் தனி வீடு இருந்தது. அரெலிஸுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பதைத் தாண்டிவிட்டாள். காலையில் வாசலில் எண்ணெய்ச் சட்டியை வைத்து, மரவள்ளி மாவுக்குள் இறைச்சி வைத்து உருட்டிய கரிமான்யோலாவைப் பொரித்து விற்பாள். மீதி நேரமெல்லாம் அப்பாவுக்கு. அப்படி யாரும் முடிவு செய்யவில்லை, தானாக அப்படி ஆகிப்போயிருந்தது.

அடுத்த கார்னிவல் நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சார்ரிஸ் என்று சிறு வயசுப் பெண், தூக்கம் போதாத முகம். ரத்த அழுத்தம் பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள், இரண்டையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எதுவரை படித்தார், எத்தனை வருஷம் புகைத்தார், வீட்டில் யார் அவரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று கேட்டாள். கடைசிக் கேள்விக்கு யாருமில்லை என்றாள் அரெலிஸ். கத்துவதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. அப்புறம் டாக்டர் மேஜையிலிருந்து காதில் மாட்டும் ஒரு கருவியை எடுத்து அவருக்கு மாட்டி, சாதாரணக் குரலில் பேசினாள். எவரிஸ்டோ திடுக்கிட்டுத் திரும்பினார். எல்லாம் கேட்டது. வெளியே தள்ளுவண்டிக்காரன் பழம் கூவுவதுகூடக் கேட்டது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றாள். தெரியவில்லை. இது என்ன மாதம் என்றாள். தெரியவில்லை. ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். அவர் வட்டம் போட்டு எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் குவித்துவிட்டு, இந்தப் பொடிசு எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்று காகிதத்தை விசிறி எறிந்தார்.

காது மட்டுமே காரணம் என்று தான் சொல்ல மாட்டேன் என்றாள் டாக்டர். அழுத்தம், சர்க்கரை, சிகரெட், பள்ளிக்கூடம் எட்டிப்பார்க்காதது, ஆளோடு ஆள் பேசாமல் வருஷக்கணக்காகத் தனியாக உட்கார்ந்தது, எல்லாமாகச் சேர்ந்து மூளையைத் தின்கின்றன. இதில் பாதியையாவது முன்பே பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

"இந்தத் தெருக்கள்ள வீட்டுக்கு வீடு இப்படி ஒருத்தர் உக்காந்திருக்காங்க. யாரும் கூட்டிட்டு வர்றதில்ல. வயசாச்சுங்கறாங்க, காது போச்சுங்கறாங்க. அடுப்பு பத்தி எரிஞ்சப்புறம் வர்றாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

நரம்பு டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். அந்த முறை வர மழைக்காலம் ஆகிவிடும் என்றும் சொன்னாள். காதுக் கருவியைத் திரும்ப வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டாள். அது அங்கே இருக்கிற ஒரே கருவி.

அரெலிஸ் சொல்லி இதைக் கேட்ட யோவானிஸ் அன்றைக்கே வீட்டுக்கு வந்து குதித்தான். டாக்டர் நகரத்தின் வடக்குப் பக்கத்துக்காரி என்று விசாரித்து வைத்திருந்தான். வடக்குப் பக்கத்துக்காரர்கள் பிக்கோ சத்தத்தால் தூக்கம் கெடுகிறதென்று காலங்காலமாகப் போலீசுக்குப் போகிறவர்கள். அவள் வேறென்ன சொல்வாள்.

"கார்னிவலுக்கு முன்னாடி சபாலோக்காரனுக்குப் பைத்தியம்னு ஊர் பூரா பரப்பணும், அதானே உங்களுக்கு? ரொசெந்தோ ஏதாவது குடுத்தானா உனக்கு?"

ரொசெந்தோ, பந்தேரா பிக்கோவின் சொந்தக்காரர். சின்ன வயசிலிருந்து எவரிஸ்டோவின் எதிரி. கார்னிவலுக்கு முந்தைய சனிக்கிழமை சபாலோவும் பந்தேராவும் ஒரே தெருவின் இரண்டு முனைகளில் நின்று மோத வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து முழங்கும். எந்தப் பக்கம் கூட்டம் நகர்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி.

யோவானிஸ் அந்தப் பேச்சைக் கோபத்தில்தான் சொன்னான். ஆனால் எவரிஸ்டோ மூலையில் உட்கார்ந்திருந்தார். அவன் காட்டுக்கத்தலில் ரொசெந்தோ என்ற பெயர் மட்டும் அவர் காதுக்குள் போயிற்று. போனது வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தட்டுப் பெட்டியைத் திறந்தவர் அலறினார். 'நொண்டிக் கழுதை'யைக் காணோம் என்றார்.

நொண்டிக் கழுதை என்பது சபாலோவின் உயிர். துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல்காரனிடமிருந்து அந்தக் காலத்தில் அவர் வாங்கிய ஆப்பிரிக்கத் தட்டு. மேளம் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பதுபோல் விழும், அதனால் அந்தப் பெயர். உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கத்தான் தட்டு கைக்கு வந்த அன்றே நடுவிலிருக்கும் காகித வட்டத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பாட்டின் பெயர், பாடியவன் பெயர், எல்லாம் போய்விடும். இல்லாவிட்டால் எதிராளியின் ஒற்றன் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டு போய் அதே தட்டைத் தேடி வாங்கிவிடுவான். எவரிஸ்டோவின் பெட்டியில் இருந்த அத்தனை தட்டும் அப்படி மொட்டையானவை. எது எந்தப் பாட்டு என்பது அவர் மண்டைக்குள் மட்டும் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்து, வரிகளின் கறுப்பையும் பளபளப்பையும் பார்த்துச் சொல்வார். மகனுக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்போது சொல்வீர்கள் என்று அவன் கேட்கும்போதெல்லாம் "சாகும்போது சொல்றேன், அவசரமா?" என்பார்.

அந்த நொண்டிக் கழுதையை மகள் திருடி ரொசெந்தோவுக்குக் கொடுத்துவிட்டாள் என்று எவரிஸ்டோ வாசலில் நின்று கத்தினார். அவர் குரல் எப்போதும் பெரிது. தெரு முழுக்கக் கேட்டது.

ரெபோலோவில் பெண் ஒருவனோடு ஓடிப்போனால் மன்னிப்பார்கள். பையன் ஜெயிலுக்குப் போனால் திரும்பி வரும்போது சூப் வைத்துக் கொடுப்பார்கள். சொந்தப் பிக்கோவின் தட்டை எதிராளியிடம் கொடுத்தவளை மன்னித்த கதை அங்கே இல்லை. மறுநாள் காலை அரெலிஸின் சட்டியில் எண்ணெய் காய்ந்து புகைந்தது, வாங்க ஆளில்லை. எதிர்வாடையில் ஓதில்யாவின் சட்டிக்கு முன்னால் கூட்டம் நின்றது. அரெலிஸ் பொரித்ததை இருபது வருஷமாகத் தின்றவர்கள் அங்கே நின்றுகொண்டு அவள் பக்கம் திரும்பாமல் மென்றார்கள். ஓதில்யா மட்டும் திரும்பிப் பார்த்து, அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினாள்.

"அப்பனோட காது போச்சுன்னா அவரு உசுரும் போச்சுன்னு நெனச்சிட்டா போல."

அரெலிஸ் அடுப்பை அணைத்தாள். பொரித்ததை எல்லாம் ஒரு துணியில் கட்டி உள்ளே கொண்டுபோனாள். அப்பா அதில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, திருட்டுக் கை, ஆனாலும் உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

யோவானிஸ் கெடு வைத்தான். சனிக்கிழமைக்குள் தட்டு பெட்டிக்குத் திரும்ப வேண்டும். வராவிட்டால் அவள் வீட்டைவிட்டுப் போக வேண்டும். எங்கே போவாள் என்பது அவன் கவலை இல்லை. ரொசெந்தோவின் வீடு பெரிதாகத்தான் இருக்கிறது என்றான். பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டான். அப்பா கேட்கும்போது மட்டும் வந்து திறந்துவிடுவான்.

புதன்கிழமை அப்படித் திறந்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செல்போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். அரெலிஸ் உள்ளறைக் கதவிடுக்கில் நின்றாள். எவரிஸ்டோ ஜன்னலடியில் பெட்டியோடு உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்தார். பழைய வழக்கப்படி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்தார். பார்த்தார். இன்னும் சாய்த்தார். முன்பெல்லாம் இந்த இடத்தில் அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வரும், அடுத்த கணம் தட்டு சுழல ஆரம்பித்துவிடும். இப்போது ஒன்றும் வரவில்லை. தட்டை உறையில் போட்டுப் பக்கத்தில் வைத்தார். வைத்த அதே தட்டை மறுபடி எடுத்துச் சாய்த்தார். விரலால் சுரண்டிய வட்டத்தைத் தடவினார், அங்கே எழுத்து முளைத்திருக்குமா என்று தேடுவதைப்போல. பிறகு இன்னொன்று. பிறகு மறுபடியும் முதலாவது. அவர் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

எதுவும் திருட்டுப் போகவில்லை என்பது அரெலிஸுக்கு அப்போதுதான் விளங்கியது. நொண்டிக் கழுதை அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஒருவேளை அவர் கையிலேயே இருக்கிறது. அவருக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

அவள் அசைந்ததில் கதவு நகர்ந்தது. எவரிஸ்டோ திரும்பிப் பார்த்து, கையில் கிடைத்த காலி உறையை அவள் முகத்தில் வீசினார். மறுபடி திருட வந்துவிட்டாயா என்றார்.

வியாழக்கிழமை பிற்பகல், கடல்காற்று தெருப்புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்த நேரத்தில், யோவானிஸும் ஆட்களும் சபாலோவின் பெட்டிகளை வாசலில் அடுக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க நல்ல கூட்டம். அரெலிஸ் வெளியே வந்து தம்பிக்கு எதிரில் நின்றாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கவுனின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவி உன் கழுத்துல இருக்கு. நான் பெட்டியத் தொட மாட்டேன். நீயே தொற. ஒவ்வொண்ணா போடு, எல்லாரும் கேக்கட்டும். நொண்டிக் கழுதை வரலைன்னா நான் இப்பவே போயிடுறேன்."

யோவானிஸ் முடியாது என்றான். மோதலுக்கு முன்னால் சொந்தத் தட்டுகளை ஊருக்குப் போட்டுக் காட்டுகிற முட்டாள் உலகத்தில் உண்டா என்றான். உண்மைதான், அப்படி ஒருவரும் செய்ததில்லை. ஆனால் கூட்டத்தில் யாரோ, உனக்கென்னடா பயம், திறந்துதான் காட்டேன் என்றார்கள். தெருமுனை பீர்க்கடையிலிருந்து எழுந்து ரொசெந்தோவே வந்து நின்றார், வெள்ளைத் தொப்பியோடு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு. எதிரியின் முன்னால் பின்வாங்க யோவானிஸால் முடியவில்லை. சாவியைக் கழற்றினான்.

முதல் தட்டு இல்லை. அடுத்ததும் இல்லை. ஒவ்வொரு தட்டின் தொடக்கத்தையும் கூட்டம் கேட்டது, தலையாட்டியது, ஓதில்யா உதட்டைச் சுழித்தாள். வெயில் எதிர்ச்சுவரில் ஏறிப் போயிற்று. பெட்டியில் பாதி காலியாகியிருந்தது. தான் நினைத்தது தப்போ என்று அரெலிஸுக்கு முதல் முறையாகத் தோன்றியது. யாராவது ஒருத்தன் நிஜமாகவே எடுத்துக்கொண்டு போயிருந்தால்? அப்போதும் திருடி அவள்தான்.

யோவானிஸ் இன்னொரு தட்டின் மேல் முள்ளை வைத்தான். மேளம் ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்து வந்தது.

தெரு அசையாமல் நின்றது. பிறகு ஒருத்தர் பின் ஒருத்தராகச் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். யோவானிஸ் அதைப் பார்த்தும் முள்ளை எடுக்க மறந்து நின்றான். அத்தனை வருஷம் யாருக்கும் கொடுக்காத பாட்டு அப்படியே கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து எவரிஸ்டோ ஓடி வந்தார். மீனுக்கு முன்னால் வந்து நின்று, பெட்டியின் மேல் கையை வைத்து, மேளம் பலகையில் அதிர்வதை உள்ளங்கையால் கேட்டார். இடுப்பு தானாக ஆடியது. முகம் திறந்துகொண்டது. அவருக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது என்று அரெலிஸ் அந்த முகத்தைப் பார்த்து ஒரு நொடி நம்பினாள்.

அவர் அவளை நோக்கி விரலை நீட்டினார்.

"பாத்தீங்களா? இதத்தான் சொன்னேன். ஒளிச்சு வச்சிருந்தா. மாட்டிக்கிட்டதும் கொண்டாந்து போட்டுட்டா."

பெட்டி பூட்டியிருந்ததையும் சாவி யார் கழுத்தில் இருந்ததென்பதையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். யோவானிஸ் அவர் காதருகே போய், அது பெட்டியிலேயேதான் இருந்தது அப்பா என்று கத்தினான். எந்தப் பெட்டி என்றார் அவர். இந்தப் பெட்டி என்றான். இது யாருடைய பெட்டி என்றார் எவரிஸ்டோ.

ரொசெந்தோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். கிண்டல் ஏதாவது வரும் என்று கூட்டம் காத்திருந்தது. அவர் பக்கத்திலிருந்த தன் மகளிடம், என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் கத்திச் சொன்னாள். அவருக்கு முழுதாக விழவில்லை. சனிக்கிழமை மோதல் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதையும் அவர் கத்தித்தான் சொன்னார்.

அரெலிஸிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஓதில்யா சட்டியைக் கழுவ உள்ளே போய்விட்டாள். ஆட்கள் பெட்டிகளை இறக்கினார்கள். யோவானிஸ் தட்டுகளை உறையில் திணித்துக்கொண்டே பல்லைக் கடித்தான். நொண்டிக் கழுதையை ஊருக்கே தின்னக் கொடுத்துவிட்டாய், உனக்கு இப்போது நிம்மதிதானே என்றான். அப்புறம் நிமிர்ந்து, ஏதோ பெரிய மனசோடு சொல்கிறவனைப் போலச் சொன்னான்.

"சரி, நீ சொன்னதுதான் சரி. அவருக்கு உடம்பு சரியில்ல. வேளாவேளைக்கு மாத்திரை குடு, வெளிய விடாத. உனக்குத்தான் அவரப் பாத்துக்கத் தெரியும்."

இவ்வளவு நாளும் அரெலிஸ் கேட்டது அவன் அந்த முதல் இரண்டு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்றுதான். சொல்லிவிட்டான். சொன்ன கையோடு அப்பாவை அவள் தலையில் கட்டிக் கதவையும் சாத்திவிட்டான்.

மறுநாள் காலை அவள் எண்ணெய்ச் சட்டியை வெளியே எடுக்கவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டினாள். அவர் அடித்தார், வாங்கிக்கொண்டாள். வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தான் மாட்டி, அவருடைய ஆடும் நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கித் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் அவர் மணிக்கட்டு. தெரு முழுக்கப் பார்க்க அடுத்த தெருவுக்கு நடந்தாள். யோவானிஸின் வீட்டு வாசலில் நாற்காலியை இறக்கி, கதவுக்கு நேராகப் போட்டு, அவரை உட்கார வைத்தாள்.

யோவானிஸின் மனைவி டிலியா கதவைத் திறந்தாள். தலையில் சுருள் சுற்றியிருந்தது. இது என்ன கூத்து என்றாள். யோவானிஸ் பின்னாலேயே வந்தான்.

"திருடி வீட்டுல அப்பாவ விட்டு வைக்கலாமா? ஊரே சொல்லுச்சு, நீயும் சொன்ன. திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். மீதி நாள் நான் திருடிக்கிறேன்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்றான் யோவானிஸ், வேறெதுவும் தோன்றாமல். போன வாரத்துப் பாக்கி என்றாள் அரெலிஸ். அழுத்த மாத்திரை காலையில் ஒன்று, சர்க்கரை மாத்திரை சாப்பாட்டோடு, மீன் கொடுத்தால் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள், அடுப்பு வால்வைப் பூட்டி வையுங்கள் என்றாள். கத்தாதீர்கள், எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதியாவது புரிகிறது என்று அதையும் சொன்னாள். மாத்திரைப் பையை நாற்காலிக் கையில் தொங்கவிட்டாள்.

தனக்குச் சொந்தமாக ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று டிலியா கத்தினாள். இப்படி ஒருவரைக் கொண்டுவந்து வாசலில் கொட்டுவதற்கு இது என்ன சந்தையா என்றாள்.

எவரிஸ்டோ ஆடும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு டிலியாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். ரகசியம் சொல்கிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டு, தெருமுனை வரை கேட்கும் குரலில் சொன்னார்.

"அவகிட்ட ஜாக்கிரதையா இரும்மா. கைநீளம்."

"கேட்டுச்சா? அவரே சொல்லிட்டாரு," என்றாள் அரெலிஸ்.

அவள் திரும்பி நடந்தாள். பின்னால் டிலியா கத்தினாள், யோவானிஸ் அக்கா அக்கா என்று கத்தினான், நாற்காலி கிறீச்சிட்டது. எதிரில் வந்தவர்கள் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சைகை காட்டினார்கள். பிக்கோக்காரன் மகளுக்குக் காது கேட்காமல் போவது ரெபோலோவில் ஒன்றும் அதிசயமில்லை. அவள் நடையைக் குறைக்கவில்லை.